மடக்கு சைக்கிளைச் சாய்த்து ஓட்டினால்: பாஸாவ் முதல் வியன்னா வரை

முதல் நாள்: பாஸாவ்

ஜெர்மனியின் பாஸாவில் ரயிலிலிருந்து இறங்கியபோது கையில் இரண்டே சாமான். டான்யூப் ஆற்றோரமாக ஆஸ்திரியாவின் வியன்னா வரை ஓட்டப்போகும் மடக்கு சைக்கிள்தான் இரண்டும். ஒன்று, உறையிட்ட சட்டமும் சக்கரங்களும்: 82 × 68 × 40 செ.மீ. மற்றது தோள்பை. அதற்குள் சீட், கிராங்க் (பெடல்களைத் தாங்கிச் சுழலும் கை), முன்குழாய். பயணப்பை தவிர்த்து மொத்த எடை 16 கிலோ. ஜெர்மனியின் ஐசிஇ ரயில்களில் மடித்த சைக்கிள் கைச்சாமான் கணக்கில் போகும், கட்டணம் இல்லை. மடிக்காத சைக்கிளுக்குத் தனிச் சீட்டும் முன்பதிவும் வேண்டும். கோடையில் அந்த இடங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். நீளமான ரெகம்பென்ட் என்றால் சொல்லவே வேண்டாம். மடக்கு சைக்கிளை ரெகம்பென்டாக மாற்ற மெனக்கெடுவதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

ரெகம்பென்ட் என்பது சாய்வு நாற்காலியில் உட்கார்வதுபோல் முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள். உள்ளங்கையும் கழுத்தும் இடுப்பும் வலிக்காது. ஆனால் கிராங்க் முன்சக்கரத்துக்கும் முன்னே போய்விடும், செயின் இரண்டு மடங்குக்கு மேல் நீளும், சீட் பெரிதாகும். இந்த மூன்றுமே மடிப்புக்கு எதிரிகள். சாய்ந்து ஓட்டும்படி செய்வது ஒரு வார வேலை. செய்த பிறகும் அது மடங்க வேண்டும் என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை. புதிதாக ஒரு பாகம் சேர்க்கும்போதெல்லாம் ‘மடிக்கும்போது இது எங்கே போகும்?’ என்று கேட்டுக்கொண்டே சேர்க்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. பிராம்ப்டன் மடக்கு சைக்கிளுக்கு ஜெர்மனியின் யூலியானே நொய்ஸ் ஒரு மாற்றுக் கருவித்தொகுப்பு வடிவமைத்திருக்கிறார். அமெரிக்காவின் யூஜீன் நகரில் இயங்கும் பைக் ஃப்ரைடே, சாட்-ஆர்-டே என்ற பெயரில் பெட்டிக்குள் அடங்கும் ரெகம்பென்டையே செய்து விற்றது. இந்தப் பயணத்தில் ஓடுவது அவை இரண்டும் அல்ல. நடுவில் கீல் வைத்த சாதாரண 20 அங்குல மடக்கு சைக்கிள், பட்டறையில் மாற்றியது.

அடிப்படை சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். சட்டம் எஃகாக இருக்கட்டும். அலுமினியத்தில் கவ்விகளை இறுக்கினால் குழாய் நசுங்கும், வெல்டு வைத்தால் சுற்றியுள்ள உலோகம் வலிமை இழக்கும். ஹேண்டில் தண்டு நுழையும் ஹெட் டியூப் குறைந்தது 120 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அச்சுக்கு அச்சு தூரம் ஒரு மீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். இங்கே 1010 மி.மீ. 16 அங்குலச் சக்கரம் இன்னும் சின்னதாக மடியும் என்பது உண்மைதான், ஆனால் குண்டுகுழியில் அது படுத்தும் பாட்டை முதுகு சாய்ந்த நிலையில் வாங்கிக்கொள்வது கடினம். சாதாரண சைக்கிளில் பள்ளம் வந்தால் எழுந்து நின்றுவிடலாம். இதில் முடியாது.

நிலைய வாசலில் பூட்டி முடிக்க 14 நிமிடம் ஆனது. டான்யூப், இன், இல்ஸ் மூன்று ஆறுகளும் கூடும் முனை அங்கிருந்து நடக்கும் தூரம்.

இரண்டாம் நாள்: பாஸாவ் – ஷ்லோகன், சுமார் 42 கி.மீ.

ஆற்றோரத் தார்ப்பாதை, ஏற்றமே இல்லை. புதிதாகப் பூட்டிய வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது. இன்றைக்கு, கிராங்கை முன்னால் தாங்கி நிற்கும் முன்குழாயைப் பற்றி. பட்டறையில் இதற்கு மூக்கு என்று பெயர் விழுந்துவிட்டது, இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

மூக்கு இரண்டு குழாய்களால் ஆனது. வெளிக்குழாய் 38 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள குரோமோலி எஃகு, 180 மி.மீ. நீளம். அப்படியானால் உள்விட்டம் 34 மி.மீ. பல மடக்கு சைக்கிள்களின் சீட் தண்டு 33.9 மி.மீ. என்பதால், பழைய எஃகுச் சீட் தண்டு ஒன்று அதற்குள் அளவெடுத்ததுபோல் நுழைகிறது. அந்தத் தண்டில் 400 மி.மீ. வெட்டி, நுனியில் 68 மி.மீ. பிபி கூட்டை (கிராங்கின் அச்சு சுழலும் கூடு) பற்றவைத்தால் உள்குழாய் தயார். வெளிக்குழாயின் வாயில் 40 மி.மீ. நீளத்துக்குக் கீறி, இரண்டு எம்6 (6 மி.மீ.) போல்ட் வைத்த கவ்வியால் இறுக்க வேண்டும். கீறலின் முடிவில் 4 மி.மீ. துளை போட மறந்தால் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். உள்குழாயை நகர்த்திக் கால் நீளத்துக்குத் தக்கபடி வைக்கலாம். ஆனால் உள்ளே எப்போதும் குறைந்தது 90 மி.மீ. இருக்கட்டும்.

இந்த மூக்கை ஹெட் டியூபில் எப்படிப் பிடிப்பது? 5 மி.மீ. எஃகுத் தகட்டில் ஒரு தாங்கி. அதில் 90 மி.மீ. இடைவெளியில் இரண்டு பிளவு வளையங்கள். லேத்துப் பட்டறைக்கு இது அரை நாள் வேலை. வளையத்துக்கும் ஹெட் டியூபுக்கும் இடையே சந்து இருந்தால் ரப்பர் வைக்கவே கூடாது. ரப்பர் ஒவ்வொரு மிதிக்கும் நசுங்கி விரியும், மிதிப்பதில் ஒரு பங்கு அதற்கே போகும். குளிர்பான டின்னை வெட்டினால் கிடைக்கும் தகடு சுமார் 0.1 மி.மீ. தடிமன், ஒன்றோ இரண்டோ சுற்று சுற்றி இறுக்கினால் சரியாக உட்காரும்.

வளையங்களின் பிடியை மட்டும் நம்பிச் செய்யும் மூக்கு எல்லாம் ஒரே மாதிரி கெடும்: கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்பாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. இடது பெடலை முன்னால் தள்ளும்போது மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதே நேரத்தில் வலப்பக்கம் உள்ள செயின் பின்னால் இழுக்கும், அதுவும் மூக்கை வலப்பக்கமே திருப்பும். இரண்டும் கூடுகின்றன. வலது பெடலை மிதிக்கும்போது கால் ஒரு பக்கமும் செயின் மறுபக்கமும் இழுப்பதால் ஏறக்குறைய கழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மூக்கு வலப்பக்கம் ஒரு துளி நகரும், இருபது கி.மீ. போனதும் கண்ணுக்கே தெரியும். தாங்கியிலிருந்து பின்னோக்கி 120 மி.மீ. நீண்ட கை ஒன்று எடுத்து, முதன்மைக் குழாயில் யூ-போல்ட்டால் கட்டிவிட்டால் தீர்ந்தது. 40 கிலோ விசையில் மிதித்தால் அந்தக் கையின் முனையில் சுமார் 60 கிலோ பக்கவாட்டாகத் தள்ளும். எனவே எம்6 யூ-போல்ட் போதாது, எம்8 போடுங்கள்.

ஷ்லோகனில் டான்யூப் கடினப் பாறையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்புகிறது. வட கரையில் இங்கே பாதை அறுந்துபோவதால் படகு. படகுத்துறைக்கு இறங்கும் குறுகிய வளைவில்தான் அடுத்த குறை தெரியும்: குதிகால் முன் டயரில் இடிக்கும். கிராங்க் மையம் முன் அச்சுக்கு 270 மி.மீ. முன்னால், தரையிலிருந்து 640 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஹேண்டிலைச் சுமார் 25 பாகைக்கு மேல் ஒடித்தால் டயரின் முன்பாதி குதிகால் வழிக்கு வந்துவிடும். வேகமாகப் போகும்போது யாரும் அவ்வளவு ஒடிப்பதில்லை. மெதுவாகத் திரும்பும்போதுதான் ஆபத்து. 170 மி.மீ. கிராங்குக்குப் பதிலாக 155 மி.மீ. போட்டிருப்பதும் இதற்காகவே. வளையும் பக்கத்துக் காலை மேலே நிறுத்தி, மிதிக்காமல் உருண்டு திரும்ப வேண்டும்.

மூன்றாம் நாள்: ஷ்லோகன் – லின்ட்ஸ், சுமார் 55 கி.மீ.

செயின் நாள். எவ்வளவு எழுதினாலும் தகும், ஏனென்றால் இந்த மாற்று வேலையில் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் கைவிட்ட இடம் இதுதான்.

முதலில் நீளம். பின் அச்சிலிருந்து கிராங்க் மையம் வரை 1.3 மீட்டர். செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. போக வர சுமார் 205 கண்ணி. முன்னால் 42 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 32 பல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 37. டிரெய்லியருக்கும் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) வழியில் வரும் வளைவுக்கும் சேர்த்து இன்னொரு 10. மொத்தம் 252. எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருக்க வேண்டும். 116 கண்ணியுள்ள 8-ஸ்பீடு செயின் மூன்று வாங்கி, இரண்டை முழுதாகவும் மூன்றாவதிலிருந்து 20 கண்ணியும் எடுக்க வேண்டும். மிச்சத்தைத் தூக்கிப் போடாமல் பயணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், உதிரிக்கு ஆகும். மூன்று துண்டுகளையும் கையால் திறக்கக்கூடிய இணைப்புக் கண்ணிகளால் சேர்க்கவும்.

அடுத்தது ஐட்லர், அதாவது செயினை வழியில் வளைத்துவிடும் புல்லி. செயின்ரிங்கின் (முன் பல்சக்கரம்) மேலிருந்து பின்சக்கரத்துக்கு நேர்கோடு போட்டால் எங்கள் சட்டத்தில் அது சீட் தாங்கியின் முன்விளிம்பை உரசுகிறது. ஆகவே சீட்டுக்கு அடியில் ஒரு ஐட்லர் வைத்துக் கீழே தள்ள வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. 155 மி.மீ. கிராங்கில் 40 கிலோ மிதித்தால், 42 பல் செயின்ரிங்கில் செயின் இழுவிசை சுமார் 73 கிலோ. அதை 10 பாகை வளைத்தால் ஐட்லர் தாங்க வேண்டியது 13 கிலோ. 20 பாகை வளைத்தால் 25 கிலோ. உராய்வும் இரைச்சலும் அதே விகிதத்தில் ஏறும். ஐட்லரை எங்கே வைப்பது என்று யோசிப்பதற்கு முன் சீட்டை 20 மி.மீ. உயர்த்த முடியுமா என்று பாருங்கள்.

பழைய டிரெய்லியரின் 11 பல் குட்டிச் சக்கரத்தை ஐட்லராகப் போடுவது எல்லோரும் முதலில் செய்யும் தவறு. திரும்பி வரும் தளர்ந்த செயினுக்கு அது போதும். இழுக்கும் பக்கத்தில் நூறு கி.மீ. கூட நிம்மதி தராது. பல் தேயும், கரகரவென்று கத்தும். 15 பல்லுக்குக் குறையாத புல்லி, அதற்குள் இரண்டு 608 பேரிங் (உள் 8, வெளி 22, அகலம் 7 மி.மீ.), எம்8 போல்ட். அந்தப் போல்ட்டை ஒரு பக்கத் தகட்டில் மட்டும் நிறுத்தினால் வளைந்துவிடும், இரு பக்கமும் தகடு வேண்டும். கியர் மாறும்போது செயின் பக்கவாட்டில் நகரும் என்பதால் புல்லிக்குப் போல்ட்டின்மேல் 2 – 3 மி.மீ. நகர இடம் விடுங்கள்.

கீழே திரும்பும் செயினுக்கு 12 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், 500 மி.மீ. நீளம். இரு வாயையும் சூடாக்கிப் புனல்போல் விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணியும் விளிம்பில் தட்டும். குழாயை ஒரே இடத்தில் மட்டும் கட்டி, மறுமுனையைத் தொங்கவிடுங்கள். இரண்டு முனையும் கட்டினால் செயின் போகிற வாக்குக்கு அது வளையாமல் உள்ளே அறுபடும்.

இனி மடிப்பு. செயின் வலப்பக்கம் ஓடுகிறது, சட்டமோ இடப்பக்கமாக மடிகிறது. வளையும் முழங்கைக்கு வெளிப்பக்கத்தில் கயிறு கட்டியதுபோலத்தான். மடிக்க மடிக்கச் செயின் இறுகும். கழற்றாமல் மடித்தால் முதலில் வளைவது டிரெய்லியரைத் தாங்கும் காது. அதனால்தான் குழாயும் ஐட்லரும் கீலுக்குப் பின்பாதியில் மட்டும். கீலைத் தாண்டி முன்னால் போகும் செயினுக்கு எந்தப் பிடிப்பும் இல்லை. முன்னால் உள்ள ஓர் இணைப்புக் கண்ணியைத் திறந்தால் செயின் முழுதும் பின்பாதிக்கு வந்துவிடும். சுருட்டித் துணிப்பையில் போட்டுப் பின்சட்டத்திலேயே தொங்கவிடலாம். கண்ணி இறுகித் திறக்கவில்லையென்றால், ஷூ நாடாவைக் கண்ணியின் இரு ஊசிகளுக்குள்ளும் எதிரெதிராகக் கோத்து இழுங்கள். இடுக்கி தேவைப்படாது.

வில்ஹெரிங்கிலிருந்து ஓட்டன்ஸ்ஹைமுக்குப் போகும் படகுக்கு இஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்துக்குச் சாய்வாக நின்று, ஆற்றின் விசையிலேயே கடக்கிறது. அக்கரையிலிருந்து லின்ட்ஸ் வரை நெடுஞ்சாலையை ஒட்டிய பாதை, இரைச்சல். தாழ்ந்து உட்கார்ந்திருக்கும்போது லாரிச் சக்கரங்கள் கண் மட்டத்தில் ஓடும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் கொடி ஒன்று கட்டாமல் இந்தப் பகுதிக்கு வர வேண்டாம்.

நான்காம் நாள்: லின்ட்ஸ் – கிரைன், சுமார் 60 கி.மீ.

கியர் கணக்கை மாற்றியே ஆக வேண்டும். ரெகம்பென்டில் எழுந்து நின்று உடல் எடையால் மிதிக்க முடியாது. சீட்டின் முதுகில் சாய்ந்து தள்ளலாம்தான், ஆனால் முழங்கால் மூட்டு இரண்டு நாளில் பதில் சொல்லிவிடும். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர் போகும். சைக்கிளோடு வந்த 52 பல் செயின்ரிங்கும் 11–32 பல் கேசட்டும் (பின் பல்சக்கரத் தொகுதி) வைத்துக்கொண்டால் தாழ்ந்த கியரில் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.4 மீட்டர். 42 பல்லுக்கு மாற்றினால் 1.97 மீட்டர். நிமிடத்துக்கு 50 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கி.மீ.; அதற்குக் கீழே போனால் வண்டி தள்ளாடும். மேல் கியரில் 80 சுற்றுக்கு 27 கி.மீ. வரை வரும். சுமையோடு போகும் பயணத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

மாவுத்தாவுசன் ஊரிலிருந்து நாஜி வதைமுகாமின் நினைவிடத்துக்குப் போகும் சாலை செங்குத்து. இந்தப் பயணத்தின் ஒரே உண்மையான ஏற்றம் இதுதான், பாதையை விட்டு விலகித்தான் ஏற வேண்டும். சுமையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு ஏறுவது நல்லது. ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளம்புவது ரெகம்பென்டில் மிகக் கடினம்: ஒரு கால் ஏற்கெனவே காற்றில் பெடல்மேல் இருக்க, மற்ற கால் தரையை விட்ட அரை நொடியில் வண்டி முன்னேறியிருக்க வேண்டும். சமதளத்திலும் இதே கதைதான். நிற்பதற்கு முன்பே கியரை இறக்கிவிடும் பழக்கம் வர வேண்டும். மறந்துவிட்டால் பின்சக்கரத்தைக் கையால் தூக்கிப் பெடலைச் சுற்றுவதைத் தவிர வழியில்லை.

பெடல் விஷயத்தில் சமரசம் கூடாது. கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், ஓடும் வண்டி அந்தக் காலின்மேல் ஏறிவரும். கணுக்கால் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். ஷூவைப் பிடித்துக்கொள்ளும் கிளிப் பெடல், இல்லாவிட்டால் குதிகாலைத் தாங்கும் வார். இரண்டில் ஒன்று கட்டாயம்.

ஐந்தாம் நாள்: கிரைன் – மெல்க், சுமார் 50 கி.மீ.

கிரைனில் 1791ஆம் ஆண்டின் சின்ன நாடக அரங்கு ஒன்று இன்னும் இருக்கிறது. அங்கிருந்து தென்கரைக்கு மாறினால் பள்ளத்தாக்குச் சாலை அமைதியாக இருக்கும். இப்ஸ் ஊரருகே 1959இல் முடிந்த நீர்மின் அணை.

சீட். அடிப்பலகை 6 மி.மீ. பிர்ச் பிளைவுட், 300 மி.மீ. நீளம், மேலே 20 மி.மீ. நீர் உறிஞ்சாத ஃபோம். முதுகுப்பகுதி 19 மி.மீ. அலுமினியக் குழாயை வளைத்த சட்டம், 550 மி.மீ. உயரம், நாடாவால் இழுத்துக் கட்டிய வலைத்துணி. இரண்டும் பியானோ கீலால் சேர்ந்து 55 × 32 × 10 செ.மீ. அளவுக்கு மடியும். எடை 1.9 கிலோ. கண்ணாடியிழையில் ஒரே அச்சாக வார்த்த சீட் இதைவிட இலேசு, விறைப்பும் அதிகம். ஆனால் அது மடியாது, அதனாலேயே வேண்டாமென்று விட்டது.

அடிப்பலகை பழைய சீட் தண்டின் குட்டையான துண்டில் உட்கார்கிறது. முதுகைப் பின் அச்சருகே உள்ள கேரியர் துளைகளுக்கு இரண்டு தண்டுகள் இழுத்துப் பிடிக்கின்றன, எம்5 துருப்பிடிக்காத போல்ட். முதுகின் சாய்வு தரையிலிருந்து 50 பாகை. 35 பாகைக்குப் படுத்தால் காற்று குறையும்தான், ஆனால் கழுத்துக்குத் தனித் தாங்கல் வேண்டும், பின்னால் திரும்பிப் பார்ப்பதும் போச்சு. உட்கார்ந்து எழும்போது அடிப்பலகையின் முன்விளிம்பு தொடையை அறுத்தால் ஃபோமைத் தடிமனாக்கிப் பயனில்லை. விளிம்பை 30 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும்.

ஹேண்டில், மடிகிற பழைய தண்டுதான். அதன் தலையில் 280 மி.மீ. நீளத்துக்குப் பின்னோக்கி ஒரு கை நீட்டி, அதன் முனையில் ஹேண்டில்பார். கால்கள் தண்டின் இருபுறமும் மிதிக்கும். திருப்பும்போது ஹேண்டில் வட்டமாகச் சுழலாமல் பக்கவாட்டில் அசையும். படகுச் சுக்கான்போல் என்று நினைத்துக்கொண்டால் அரைமணியில் பழகும். கியர் கேபிளின் உறை 350 மி.மீ. கூடுதலாக வேண்டும்.

நடுக்கீல் இப்போது புது வேலை பார்க்கிறது. மிதிக்கும் கால் மூக்கை முன்னே தள்ள, முதுகு சீட்டைப் பின்னே தள்ள, கீல் இழுபடுகிறது. தொழிற்சாலையில் யாரும் இதை நினைத்து அதைச் செய்யவில்லை. தினமும் காலையில் தாழ்ப்பாளை மூடி, சந்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து இழுத்துப் பாருங்கள். காகிதம் வந்துவிட்டால் தாழ்ப்பாளின் திருகை அரைச் சுற்று இறுக்க வேண்டும். ‘டிக்’ என்று மிதிக்கு ஒரு சத்தம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான், பிபியை அல்ல.

ஆறாம் நாள்: மெல்க் – கிரெம்ஸ், சுமார் 36 கி.மீ.

வாஹாவ் பள்ளத்தாக்கு. வட கரையில் திராட்சைத் தோட்டங்களுக்கும் ஆப்ரிகாட் மரங்களுக்கும் நடுவே பாதை ஏறி இறங்கும். 1908இல் கற்காலப் பெண்சிலை கிடைத்த வில்லன்டார்ஃப் இந்த வழியில்தான். இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டைச் சிறைவைத்த டூர்ன்ஸ்டைன் கோட்டையும் மேலே தெரியும். கோட்டை இருக்கட்டும், கீழே அந்த ஊர்த் தெருவின் கல் பாவிய தரையைக் கவனியுங்கள்.

கல் தரையில் நீளச் செயின் சாட்டைபோல் ஆடும். மேலே துள்ளி ஐட்லரின் பல்லைத் தாண்டினால் பக்கத்தில் விழுந்து புல்லிக்கும் தகட்டுக்கும் இடையே மாட்டும். அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் தகடு வளையும். ஐட்லரின் மேல்பக்கம், செயினுக்கு 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு காவல் ஊசி வைத்தால் துள்ளினாலும் தாண்டாது. கீழ்ச் செயின் முன் மட்கார்டைத் தட்டும். அங்கே பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி ஒட்டினால் சத்தம் அடங்கும், பெயின்ட்டும் பிழைக்கும்.

கல் தரை முடிந்ததும் எல்லா எம்5 போல்ட்களையும் ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்லது. முதலில் தளர்வது சீட்டைப் பிடிக்கும் பின் தண்டுகள். நீல நிறத் திருகுப்பூட்டுப் பசை ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசை போட்டால் சூடாக்காமல் கழற்ற முடியாது. காற்றழுத்தமும் கேள்விதான். ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு சக்கரத்தையும் குளியலறைத் தராசில் நிறுத்தி, மற்ற சக்கரத்துக்கு அடியில் அதே உயரக் கட்டை வைத்து அளந்தால், முன்னால் ஏறக்குறைய 57 சதவீதம். வழக்கமான சைக்கிளுக்கு நேர்மாறு. பின்னால் 8 கிலோ பை ஏற்றினால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகும். 40 மி.மீ. டயருக்கு இரண்டிலும் 65 பிஎஸ்ஐ.

ஏழாம் நாள்: கிரெம்ஸ் – துல்ன், சுமார் 45 கி.மீ.

இந்தப் பாதையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் வியன்னா நோக்கிப் போகிறவர்களுக்கு முதுகுக் காற்று. வேடிக்கை என்னவென்றால், அது நிமிர்ந்து உட்கார்பவரைத்தான் அதிகம் தள்ளும். சாய்ந்தவருக்கு லாபம் எதிர்க்காற்றில். இன்று காற்று திசைமாறி எதிரே வந்தது, கணக்கு நேரானது.

1933 ஜூலையில் பிரான்சின் ஃபிரான்சிஸ் ஃபோர், ஷார்ல் மோஷே செய்த ரெகம்பென்டில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டினார். சர்வதேச சைக்கிள் சங்கம் அடுத்த ஆண்டே சைக்கிள் என்பதற்கு இலக்கணம் எழுதி, இந்த வகையைப் பந்தயத்துக்கு வெளியே தள்ளியது. கடையில் இன்றும் ரெகம்பென்ட் பாகம் கிடைக்காமல் லேத்துக்கு ஓடவேண்டியிருப்பதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

வழியில் ஸ்வென்டன்டார்ஃப் அணுமின் நிலையம். கட்டி முடித்த பிறகு 1978இல் மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாமென்று முடிவாகி, ஒரு நாளும் ஓடாமல் நிற்கிறது.

எட்டாம் நாள்: துல்ன் – வியன்னா, சுமார் 38 கி.மீ.

கிளோஸ்டர்நொய்பர்க் தாண்டி நுஸ்டார்ஃபில் கால்வாய்க் கரைக்கு மாறினால் நகரின் நடுவரைக்கும் சைக்கிள் பாதையே. ஆஸ்திரியாவில் சைக்கிளுக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக், மணி, விளக்கு, பிரதிபலிப்பான் எல்லாம் சட்டப்படி வேண்டும். மாற்று வேலையில் முன் பிரதிபலிப்பான் மூக்குக்குப் பின்னால் மறைந்துபோகும், அதை மூக்கின் நுனிக்கே கொண்டுபோக வேண்டும்.

நிலையத்தில் மடிப்பு. ஆஸ்திரிய ரயில்ஜெட் ரயில்களில் சைக்கிளைத் தொங்கவிடும் கொக்கிகள் இருக்கின்றன. ரெகம்பென்ட் அவற்றில் நிற்காது, மடித்தால்தான் வழி. வரிசை மாறினால் ஏதாவது வளையும், ஆகவே வரிசைப்படியே.

செயினை முதலில் பின்னால் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி விடவும், டிரெய்லியர் தளர்ந்திருக்கும். முன் இணைப்புக் கண்ணியைத் திறந்து, இரு முனையையும் துண்டுக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டே உருவ வேண்டும். கட்டாமல் உருவினால் ஒரு முனை குழாய்க்குள் ஓடிவிடும், மறுபடி கோர்க்கப் பத்து நிமிடம். செயின் துணிப்பைக்குள் போன பிறகு மூக்கு. கவ்வியைத் தளர்த்தி உள்குழாயை கிராங்கோடு உருவவும். அதில் கால் நீளத்தைக் காட்டும் பெயின்ட் கோடு இருக்க வேண்டும். கோடு ஆழத்தைச் சொல்லும், சுழற்சியைச் சொல்லாது. பிபி சாய்ந்தால் ஒரு பெடல் மேலேயும் ஒரு பெடல் கீழேயும் போய் இடுப்பு வலிக்கும். வெளிக்குழாயின் கீறலுக்குள் உட்காரும் 5 மி.மீ. ஊசி ஒன்றை உள்குழாயில் அடித்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் நிற்கும். ஊசிக்கு இடம் வேண்டுமென்பதால் கீறல் 5 மி.மீ. அகலம், நுனித் துளையும் அதற்குத் தக்கபடி 6 மி.மீ. ஆக்க வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் சொன்ன 4 மி.மீ. ஊசி இல்லாத மூக்குக்கு.

பிறகு சீட்டின் பின் தண்டுகளிலிருந்து பூட்டூசிகளை உருவி, சீட்டை மடித்துத் தோள்பைக்குள் போடவும். பெடலைக் கழற்ற வேண்டாம்; கிராங்கைச் சீட்டின் முதுகு வலைக்குள் படுக்கவைத்தால் பல் எதையும் கிழிக்காது. ஹேண்டில் தண்டை மடக்கிய பிறகுதான் நடுக்கீல். மூக்குத் தாங்கி ஹெட் டியூபோடு நிற்பதால் மடித்த அகலம் 34இலிருந்து 40 செ.மீ. ஆகியிருக்கிறது. அதைக் குறைக்கத் தாங்கியையும் கழற்றலாம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் மூக்கைச் செயின் வரிக்கு நேராக்க 20 நிமிடம் போகும். அந்த 6 செ.மீ. இருந்துவிட்டுப் போகட்டும்.

மொத்தம் 9 நிமிடம். கையுறை இல்லாமல் செய்தால் கை கழுவ இன்னொரு 9. எண்ணெய்க்குப் பதில் மெழுகு போட்ட செயின் என்றால் அதுவும் மிச்சம்.